நைட் டூட்டி முடிந்தும் வார்டு மண்டையை விட்டுப் போகவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நெல்லை ஸ்டாஃப் நர்ஸ் கேட்டது:

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் வேலை பார்க்கிறேன். ஒரு ஷிஃப்டுக்கு எனக்கு மட்டும் மூன்று பெட், பெரும்பாலும் அதில் இரண்டு வெண்டிலேட்டர்.

போன மாதம் ஒரு தாத்தா இறந்தார். கல்லீரல் கெட்டுப்போய் வந்தவர். இனி எதுவும் பயன்படாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடைசி வரை ஊசி குத்தி ரத்தம் எடுத்தோம், பிரஷர் மருந்தை ஏற்றிக்கொண்டே போனோம். அவர் மகள் கதவோரம் நின்று, "அப்பா ஏதாவது பேசுனாரா சிஸ்டர்?" என்று கேட்பார். "டாக்டர் வந்து சொல்லுவாங்க" என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லக்கூடாது. விடிகாலை போய்விட்டார். ட்யூப், லைன் எல்லாம் எடுத்து, உடம்பைத் துடைத்து, தாடையும் கால் பெருவிரலும் கட்டி முடிப்பதற்குள் அந்த பெட்டுக்கு அடுத்த அட்மிஷன் என்று போன் வந்துவிட்டது.

சாவு நடந்த டூட்டி என்றால் அம்மா பின்வாசலில் வெந்நீர் வைத்திருப்பார்கள். குளித்த பிறகுதான் காபி. படுத்தால் தூக்கத்திலும் மருந்து ஏற்றும் பம்ப்பின் அலாரம் கேட்கிறது. முன்பெல்லாம் சாயங்காலம் நெல்லையப்பர் கோவிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். இப்போது அங்கேயும் மனம் ஒட்டவில்லை. மருத்துவமனையில் மன அழுத்தம் பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்றார்கள். நைட் முடித்தவர்களும் இருந்து கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வேறு உத்தரவு!

எனக்குப் பக்தி குறைந்துவிட்டதா, அல்லது இந்த வேலைக்கே லாயக்கில்லையா? பேசாமல் ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வு எழுதி வெளிநாடு போய்விடலாமா?

கோவை பிரதர்:

சிஸ்டர், வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கு ஒரு நர்ஸ் என்றுதான் நாம் படித்தோம். இரண்டு வெண்டிலேட்டரும் கூட ஒரு பெட்டும் பார்த்துவிட்டு, பக்தி குறைந்ததா என்று கேட்கிறீர்களே! நான் ஐ.சி.யு.விலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு மாறினேன், தூக்கம் திரும்பியது. வெளிநாடு போவது உங்கள் இஷ்டம். ஆனால் அங்கே போன என் பேட்ச் ஆட்களும் ஆள் பற்றாக்குறை என்றுதான் புலம்புகிறார்கள்.

ரிட்டயர்டு சிஸ்டர், திண்டுக்கல்:

பாரும்மா, நீ இரண்டு பாரத்தை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறாய். முதலில் அதைப் பிரி.

ஒன்று, துக்கம். ஒரு மனிதர் உன் கையில் போனார், நீ அழ நேரமில்லை. மற்றது, அவருக்கு எது சரி என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாத நிலை. ஆண்ட்ரூ ஜேமெட்டன் என்ற அமெரிக்கர் 1984-லேயே நர்சுகளுடைய இந்த வேதனையைத் தனியாகப் பிரித்து எழுதிவிட்டார். எது சரி என்று நர்ஸுக்குத் தெரியும், நிறுவனத்தின் அமைப்பு அதைச் செய்ய விடாது. இது பக்திக் குறைவு இல்லை. சொல்லப்போனால் மனசாட்சி நன்றாக வேலை செய்வதால் வருகிற வலி. எதுவும் உறைக்காதவர்களுக்கு இது வராது, நாமும் பார்த்திருக்கிறோமே அப்படிச் சிலரை.

நான் அரசு மருத்துவமனையில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் பல வருடம் இருந்து, கடைசியில் வீடுவீடாகப் போகும் வலி நிவாரணப் பணிக்கு வந்தவள். அங்கே வந்த பிறகுதான் சிசிலி சாண்டர்ஸ் பற்றிச் சரியாகப் படித்தேன். நர்ஸாகத் தொடங்கி, முதுகு வலியால் அதை விட்டு, சமூகப் பணியாளராகி, அப்புறம் டாக்டருக்கும் படித்து, 1967-ல் லண்டனில், சாகும் நிலையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்த அம்மா. சாகப்போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனதிலும், குடும்பத்திலும், ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்றார். பக்கத்தில் நிற்கிற நமக்கும் அந்த நான்கும் உண்டு என்பது என் எண்ணம். நமக்கு யாரும் சார்ட் போடுவதில்லை, அவ்வளவுதான்.

துக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்டெல்ஸ் என்று ஒரு நர்ஸ். நோயாளி இறந்ததும் எல்லோரும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கலைந்து போவதை மாற்றினார். கட்டிலைச் சுற்றி ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். அதற்கு முன் ஒருவர், "இவர் யாரோ ஒருவருக்கு அப்பா, யாரோ ஒருவருக்குத் தம்பி" என்கிற மாதிரி இரண்டு வரி சொல்வார். சாமி பெயர் கிடையாது, எந்த மதத்துக்காரரும் நிற்கலாம். ஒரு நிமிடம் தாமதித்தால் எந்த அட்மிஷனும் கெட்டுப்போகாது.

அம்மா வைக்கிற வெந்நீரைத் தீட்டு என்று நினைத்துக் கோபப்படாதே. நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் குளியல் உண்டு. வார்டை அங்கேயே இறக்கி வைக்க உனக்கு ஒரு வாசல் இருக்கிறது; ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கோவிலில் மனம் ஒட்டாவிட்டால் ஒட்ட வேண்டாம். சும்மா உட்கார்ந்துவிட்டு வா.

தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால் 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள்.

ஒரு வாசகர்:

நான் நர்ஸ் இல்லை. ஆனால் இது தெய்வத் தொழில். சேவை மனப்பான்மை இருந்தால் எந்தச் சுமையும் தெரியாது என்று நினைக்கிறேன்.

ரிட்டயர்டு சிஸ்டர், திண்டுக்கல்:

ஐயா, வணக்கம். தெய்வத் தொழில் என்று எங்களிடம் சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சம்பளம் கேட்கும்போதும், லீவு கேட்கும்போதும்தான் அந்தப் பேச்சு வரும். எனக்கு ஜெபம் உண்டு, டூட்டிக்கு முன் பைபிளில் ஒரு சங்கீதமாவது வாசிப்பேன். அது நோயாளியிடம் முகம் சுளிக்காமல் இருக்க உதவியது. மூன்றாவது பெட்டைப் பார்க்க இன்னொரு கை முளைக்க உதவவில்லை. வேலைப் பளுவில் ஆள் ஓய்ந்துபோகிற பர்ன் அவுட்டை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலையிடம் சார்ந்த பிரச்சினை என்றுதான் வகைப்படுத்தியது. வேலையிடத்தைச் சரிசெய்யாமல் நர்ஸின் மனப்பான்மையை மட்டும் சரிசெய்யச் சொல்வது நியாயமா?

நெல்லை ஸ்டாஃப் நர்ஸ்:

ரொம்ப நன்றி அக்கா. படித்துவிட்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசினேன். அந்த ஒரு நிமிடத்துக்குச் சரி என்றார்கள், அந்த நேரம் போன் வந்தால் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். மூன்றாவது பெட் பேச்சை எடுத்ததும், "மேலே சொல்லியிருக்கேன்" என்று முடித்துவிட்டார்கள்.

ரிட்டயர்டு சிஸ்டர், திண்டுக்கல்:

அவர்கள் மேலே சொன்னது வாய்வார்த்தையாக இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுங்கள். தேதி, ஷிஃப்ட், எத்தனை வெண்டிலேட்டர், எத்தனை ஸ்டாஃப், அவ்வளவு போதும். குறை சொல்லும் வார்த்தை ஒன்றும் வேண்டாம். நீ மட்டும் கையெழுத்துப் போடாதே, ஷிஃப்டில் உள்ள எல்லோரும் போடுங்கள். கொடுத்ததற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள். ஓ.ஈ.டி. படிப்பையும் விடாதே. போவதா வேண்டாமா என்பதைத் தூக்கம் வந்த பிறகு முடிவு செய்யலாம்.