ஒலிம்பிக் மாரத்தான் தகுதி: நேரமா, தேர்வுப் பந்தயமா?

கேள்வி:
பாரிஸ் 2024-க்கு ஆண்களுக்கு 2:08:10, பெண்களுக்கு 2:26:50 என்று நுழைவு நேரம் வைத்தார்கள். தலா 80 பேர், ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் 3 பேர். நேரம் மட்டும் பார்த்து எடுப்பது சரியா?

பதில் 1:
மட்டும் என்றால் சரியில்லை. சமதளப் பாதை, குளிர்ந்த காலை, வேகம் பிடித்துக் கொடுக்கும் பேசர்கள் இருந்தால் நேரம் தானாகக் குறையும். சாம்பியன்ஷிப்பில் பேசர் கிடையாது. பெரும்பாலும் வெயில், பாரிஸில் மேடு வேறு. அங்கே வேண்டியது வேறு திறமை. அதனால்தான் நேரத்தோடு பிடித்த இடத்துக்கும் புள்ளி தரும் உலகத் தரவரிசையை ஆதரிக்கிறேன்.

பதில் 2:
தரவரிசையில் ஒரு சிக்கல்: பெரிய பந்தயங்களில்தான் இடப்புள்ளி அதிகம். அழைப்பும் பயணச்செலவும் கிடைக்காதவர் பின்தங்குவார். பாரிஸ் 2024-க்கு ஜப்பான் வைத்த எம்ஜிசி (மாரத்தான் கிராண்ட் சாம்பியன்ஷிப் என்ற தேர்வுப் பந்தயம்) முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஒரே பந்தயம், முதல் இருவர் நேராக அணிக்குள். அணியில் மூன்றாம் இடம், பிறகு வந்த பந்தயங்களில் குறித்த நேரத்தை உடைப்பவருக்கு; யாரும் உடைக்காவிட்டால் எம்ஜிசியில் மூன்றாவதாக வந்தவருக்கு. அன்று உடம்பு சரியில்லாதவருக்கும் ஒரு வழி இருந்தது.

பதில் 3:
எந்த முறையானாலும், பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதையைப் பாருங்கள். முறைப்படி அளந்த சான்று வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவுக்கு இறக்கம் கிலோமீட்டருக்கு 1 மீட்டர், அதாவது மொத்தம் 42 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிகாரப்பூர்வ நேரம் துப்பாக்கி வெடித்ததிலிருந்து. சிப் நேரத்தை (தொடக்கக் கோட்டை நீங்கள் தாண்டியதிலிருந்து கணக்கிடுவது) நம்பிப் பின்வரிசையில் நின்றால் அந்த விநாடிகள் போயிற்று. ஷூ அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.