லேர்னிங் ரிமோட்டில் கோட் ஏற்றுவது: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடி, டிவி மெக்கானிக்:
லேர்னிங் ரிமோட் என்றால், இன்னொரு ரிமோட்டின் பட்டன் அனுப்புகிற சிக்னலை (அதுதான் கோட்) பதிந்துகொண்டு தானும் அனுப்புகிற ரிமோட். கேபிள் பாக்ஸோடு வருகிற பல ரிமோட் இந்த வகைதான். அதில் ஒரு ஓரமாகக் கட்டம் கட்டி டிவிக்கென்று நாலைந்து பட்டன் இருக்கும். பவர், வால்யூம், ஏவி, பக்கத்தில் செட். கோட் ஏறுவது இவற்றில் மட்டும்தான். செட்டை (சில மாடலில் டிவி பவரையே) விளக்கு அணையாமல் நிற்கும்வரை 3 முதல் 5 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஏற்ற வேண்டிய பட்டனைத் தட்டினால் விளக்கு சிமிட்டும், அல்லது ஒருமுறை அணைந்து எரியும். ஒரிஜினல் டிவி ரிமோட்டை எதிரும் புதிருமாக 3 செ.மீ. தள்ளி வைத்து, அதே பட்டனை அதில் தட்டுங்கள். விளக்கு படபடவென்று இரண்டு மூன்று முறை அடித்தால் ஏறிவிட்டது. கடைசியில் மறக்காமல் செட்டை அழுத்தி வெளியே வாருங்கள். அப்படியே விட்டால் சில மாடல் சேமிக்காது.

இரண்டு ரிமோட்டின் முனையிலும் சிக்னல் விடுகிற குட்டி பல்பு (எல்இடி) ஒரே மட்டத்தில் இருக்கணும். ஒன்று பருமன், ஒன்று தட்டை என்றால் தட்டையானதற்கு அடியில் ஒரு நோட்டு வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஏற்றாதீர்கள், ஆடும்.

சத்துவாச்சாரி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. முதலில் ஒரிஜினல் ரிமோட்டின் செல்லை மாத்துங்க. செல் இறங்கியிருந்தால் டிவி வேலை செய்யும், ஆனால் கோட் அரைகுறையாக ஏறும். ஏறின அரைகுறைக்குப் புது செல் போட்டும் பயனில்லை. எல்இடி எரிகிறதா என்று போனின் செல்ஃபி கேமராவில் பாருங்க, வெளிர் ஊதாவாகத் தெரியும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் ஃபில்டர் இருக்கும், தெரியாது.

ஜன்னலையும் சாத்துங்க. ரிமோட் சிக்னல் இன்ஃப்ராரெட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அது கொட்டிக் கிடக்கிறது. எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட், சிஎஃப்எல் பல்பு இன்னும் மோசம். ரிமோட் சிக்னலுக்குப் பக்கத்து அலைவரிசையிலேயே அதுவும் துடிக்கிறது.

ராணிப்பேட்டை, எலக்ட்ரானிக்ஸ் வேலை:
ஏறியும் சரியாக வேலை செய்யவில்லை என்றால் புரோட்டோகாலை, அதாவது ரிமோட் கோட் அனுப்புகிற முறையைப் பார்க்கணும். நிறைய டிவி, பாக்ஸ் என்இசி என்கிற வகை, சிக்னல் துடிப்பு 38 கிலோஹெர்ட்ஸ். முதல் தட்டலில் 32 பிட் (0 அல்லது 1 என்கிற துணுக்கு) முழுக் கோட் போகும். அழுத்திப் பிடித்தால் அதன்பின் சுமார் 110 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 'ரிப்பீட்' (அதே பட்டன்தான் இன்னும்) என்கிற துண்டுதான் போகும். லேர்னிங் ரிமோட் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டால், சிமிட்டிக் காட்டும், டிவி அசையாது. அதனால் பிடித்துக்கொண்டே இருக்காமல் சுருக்கமாகத் தட்டுங்கள்.

பழைய பிலிப்ஸ் சாமான்களின் ஆர்சி-5 வேறு ரகம், 36 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பிட் 0, 1 என்று மாறும். காப்பியில் அது மாறாமல் நின்றுவிடுவதால், முதல் தட்டல் கேட்கும், இரண்டாவதை 'இன்னும் விரலை எடுக்கவில்லை' என்று டிவி எடுத்துக்கொள்ளும். 11-ஆம் சேனல் போட்டால் 1 வந்து நிற்பது இதனால்தான். காலிப் பட்டன் இருந்தால், அதே கோடை இன்னொருமுறை தட்டி அதில் ஏற்றி, இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள்.

வேலூர், பாபு ராவ் தெரு:
சிஎம்சி பக்கத்து லாட்ஜுகளில் டிவி, பாக்ஸ், ஏசி மூன்றுக்கும் ஒரே ரிமோட் கேட்கிறார்கள். ஏசி ஏறுமா?

ராணிப்பேட்டை, எலக்ட்ரானிக்ஸ் வேலை:
ஏறும் சார், ஆனால் டிவி மாதிரி இல்லை. ஏசி ரிமோட்டில் '+' அழுத்தினால் 'ஒரு டிகிரி கூட்டு' என்று போகாது. 'ஆன், கூல், 25, ஃபேன் மீடியம், ஸ்விங்' என்று திரையில் இருக்கிற நிலவரம் மொத்தமும் ஒரே மூச்சில் போகும். அதனால் + பட்டனை ஏற்றினால் எத்தனை தடவை அழுத்தினாலும் 25-தான். ஒரிஜினலில் 24, கூல் வைத்து, டைமரை எடுத்துவிட்டு (இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து ஏறும்) ஆஃப் பண்ணுங்கள். இப்போது பவரைத் தட்டி ஒரு பட்டனில் ஏற்றினால் 'ஆன் 24'. மறுபடி தட்டி இன்னொரு பட்டனில் ஏற்றினால் 'ஆஃப்'. மூன்றாவதில் 27 வைத்துக்கொடுத்தால் ராத்திரிக்கு ஆச்சு. சில ஏசியில் ஆனும் ஆஃபும் ஒரே கோட். அதற்கு ஒரு பட்டன் போதும்.

கேபிள் ரிமோட்டில் மட்டும் முயலாதீர்கள். ஏசி கோட் பல மாடலில் 100 பிட்டைத் தாண்டும். மலிவு ரிமோட் பாதியில் வெட்டிவிட்டு, ஏறிவிட்டதாகச் சிமிட்டிக் காட்டும். ஏசி 'பீப்' அடிக்கிறதா என்பதுதான் சோதனை.

குடியாத்தம்:
ஃபயர் டிவி ஸ்டிக் ரிமோட்டில் இருந்து ஹோம் பட்டன் ஏறவே மாட்டேங்குதே?

காட்பாடி, டிவி மெக்கானிக்:
ஏறாது தம்பி, அது புளூடூத். அந்த ரிமோட்டில் டிவிக்கான பவரும் வால்யூமும்தான் இன்ஃப்ராரெட். செல்ஃபி கேமராவைப் பார்த்து ஹோமை அழுத்துங்க, வெளிச்சம் வராது. வெளிச்சம் வராத பட்டனை எந்த லேர்னிங் ரிமோட்டிலும் ஏற்ற முடியாது.