தினமும் வரும் செக்யூரிட்டி மெயிலில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

குமுளி_தம்பி:
வணக்கம். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையின் கணக்கு சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன், அதில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்). விடிகாலை 3 மணி வாக்கில் ரூட்டுக்கு (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு) செக்யூரிட்டி சோதனை முடிவோடு ஒரு மெயில் வரும். இன்று வந்ததில் செட்யூஐடி (யார் ஓட்டினாலும் ஃபைலின் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம்கள்) பகுதியில் எஸ்யூ (வேறு பயனராக மாறும் கட்டளை), பாஸ்வேர்ட் கட்டளைகள் கழித்தல் குறியோடு ஒரு வரி, கூட்டல் குறியோடு ஒரு வரி என்று இருக்கின்றன. யூஐடி 0, அதாவது ரூட் அதிகாரம், உள்ளவர்களில் ரூட்டுக்குக் கீழே டூர் என்று ஒரு கணக்கு, நான் உருவாக்காதது. லாகின் ஃபெயிலியர் பக்கம் பக்கமாக. நேற்று மழையில் கரண்ட் போய் வந்தது, அந்தக் கெர்னல் செய்திகளும் சேர்ந்திருக்கின்றன. யாராவது உள்ளே வந்துவிட்டார்களா அண்ணா?

கம்பம்_அண்ணன்:
தம்பி, டூர் பிஎஸ்டியில் கூடவே வருவது, ரூட்டைத் திருப்பிப் போட்ட பெயர். மாஸ்டர் பாஸ்வேர்ட் ஃபைலில் அதன் கடவுச்சொல் இடத்தில் நட்சத்திரக் குறி மட்டும் இருந்தால் சரி, கடவுச்சொல் போட்டு அதில் நுழைய முடியாது என்று பொருள். அந்த இரண்டைத் தவிர வேறு பெயர் யூஐடி 0-இல் வந்தால் உடனே நெட் கேபிளைப் பிடுங்குங்கள். டிஸ்க் சரியாக டிஸ்மவுண்ட் ஆகவில்லை என்ற கெர்னல் வரி கரண்ட் போனதால் வந்தது. இடுக்கி மழைக்கு யுபிஎஸ் இல்லாமல் சர்வர் ஓட்டக் கூடாது.

போடி_நெட்:
செட்யூஐடி வரிகளைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். கழித்தல் பழைய நிலை, கூட்டல் புதிய நிலை. நேற்று அப்டேட் போட்டீர்களா?

குமுளி_தம்பி:
ஆமாம் அண்ணா, சாயங்காலம் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் போட்டேன்.

போடி_நெட்:
அப்படியானால் அதுதான் காரணமாக இருக்க வேண்டும், ஆனாலும் நேரம் பொருந்துகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்டையே ஐடிஎஸ் என்று கொடுத்து ஓட்டினால் சிஸ்டம் ஃபைல்களின் ஹாஷை (ஃபைலின் கைரேகை மாதிரி) வெளியீட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுக் காட்டும். நீங்கள் கைவைத்த கான்ஃபிக் ஃபைல்களும் அதில் வரும், எஸ்யூ வந்தால்தான் கவலை. கழித்தல் ஜோடியே இல்லாமல் ஒரு கூட்டல் வரி, அதுவும் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டரிலோ யாராவது ஒருவரின் ஹோம் ஃபோல்டரிலோ இருந்தால் அதுதான் பெரிய ஆபத்து. முக்கியமாக ஒன்று: இந்த மாற்றம் ஒரே ஒரு நாள்தான் மெயிலில் வரும், மறுநாள் புதிய பட்டியலே பழையதாகிவிடும். நாளைக்கு மெயில் சுத்தமாக வந்தது என்று நிம்மதியாகிவிட்டால் நேற்றைய ஓட்டை அப்படியே இருக்கும்.

கம்பம்_அண்ணன்:
லாகின் ஃபெயிலியர் பற்றி. எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வெளியே திறந்திருக்கும் எந்த மெஷினிலும் அட்மின், டெஸ்ட் என்று பெயர் போட்டுத் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் தோற்றவர்களின் பட்டியல் மட்டுமே அந்தப் பகுதியில் வரும், ஜெயித்து உள்ளே வந்தவன் அதில் இருக்க மாட்டான். ஆத் லாகில் (உள்நுழைவுப் பதிவு ஃபைல்) அக்செப்டெட் என்று தேடுங்கள், யார் எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும் லாஸ்ட் கட்டளையும் ஓட்டுங்கள், தெரியாத ஐபி இருக்கிறதா பாருங்கள். கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவி ஃபைல்) போட்டு உள்ளே வர முடிகிறதா என்று சோதித்த பிறகு கடவுச்சொல்லை நிறுத்திவிடுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷனை நோ என்று வைத்தால் மட்டும் போதாது, கீபோர்ட் இன்டராக்டிவ் என்ற இன்னொரு முறை வழியாகவும் கடவுச்சொல் கேட்கும், அதையும் நோ ஆக்குங்கள்.