கேம்ப் கிராண்ட்: சமாதானத்துக்கு விலை கொடுத்தது யார்?

கரிசல்காரன்:
அமெரிக்காவின் அரிசோனாவில் கேம்ப் கிராண்ட் என்ற ராணுவ முகாமருகே நடந்த அப்பாச்சிப் பழங்குடியினர் படுகொலையைப் பற்றிப் பேசுகிறோம், அந்த முகாமின் அதிகாரி லெப்டினன்ட் ராயல் விட்மனை மறந்துவிடுகிறோம். 1871 பிப்ரவரியில் சில அப்பாச்சிக் கிழவிகள், பிடிபட்ட ஒரு பையனைத் தேடி அவருடைய முகாமுக்கு வந்தார்கள். சாப்பாடு கொடுத்து மரியாதையாக அனுப்பினார். அப்புறம் தலைவர் எஸ்கிமின்சின் தன் மக்களோடு வந்தார். சில வாரங்களில் ஏறக்குறைய 500 பேர் சேர்ந்து, முகாமுக்குப் புல் அறுத்துக் கொடுத்துக் காசு வாங்கினார்கள். இவர்களை என்ன செய்வது என்று விட்மன் மேலிடத்துக்கு எழுதினார். கடிதத்தின் வெளிப்புறத்தில் சுருக்கக் குறிப்பு இல்லையென்று, வாரக்கணக்கில் கழித்து அதே கடிதம் திரும்பி வந்தது! ஏப்ரல் 30 விடியற்காலையில் டூசான் நகரத்துக் கும்பல் வந்து அந்த அப்பாச்சிகளில் 100 பேருக்கு மேல் கொன்றது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். நடந்ததை வெளியே சொன்ன விட்மனைப் பத்திரிகைகள் குடிகாரன் என்றன. ராணுவ நீதிமன்றம் வரை இழுத்தார்கள். சமாதானத்துக்கு விலை கொடுத்தவர் அவர்தான்.

மேகலா:
விலையா? விட்மன் பிற்பாடு குதிரைச் சேணம் ஒன்றை வடிவமைத்து அதில் பேர் வாங்கினார். எஸ்கிமின்சின் அந்த ஒரு காலையில் மனைவியரையும் பிள்ளைகளையும் இழந்தார். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பொதிகை72:
இரண்டு பேரும் மெக்கின்னியை விட்டுவிட்டீர்கள். சார்லஸ் மெக்கின்னி ஒரு குடியேறி, எஸ்கிமின்சினின் நண்பர். படுகொலை நடந்த சில வாரங்களில் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எழுந்து அவரையே சுட்டுக் கொன்றார் எஸ்கிமின்சின். இனி வெள்ளைக்காரரோடு நட்பே கிடையாது என்று தன் மக்களுக்குக் காட்டவாம். இவரையா சமாதானத் தலைவர் என்கிறீர்கள்?

மேகலா:
அந்தக் கொலையை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகும் அவர் சமாதானத்துக்குத்தான் திரும்பினார். 1874இல் விலங்கு மாட்டிச் செங்கல் அறுக்க வைத்தார்கள். வெளியே வந்து சான் பெட்ரோ ஆற்றோரம் பயிர் செய்தார். 1888இல் அக்கம்பக்கத்துக் குடியேறிகள் அங்கிருந்தும் துரத்தினார்கள். கடைசியில் அலபாமாவில் சிறைவாசம். ஊர் திரும்பி, 1895இல் இறந்தார்.

கரிசல்காரன்:
சரி, தராசை எடுத்துவிடுகிறேன். ஆனாலும் அந்த ஊரில் உண்மையைச் சொல்ல ஒரு அதிகாரி இருந்தது சின்ன விஷயமில்லை. டூசானில் வழக்கு நடந்தபோது, ஜூரிகள் 19 நிமிடத்தில் அத்தனை பேரையும் விடுதலை செய்தார்கள்.

பொதிகை72:
'டூசான் கும்பல்' என்பதும் பாதிதான். கொல்லப் போனவர்களில் வெள்ளையர் ஆறு பேர். மீதி மெக்சிகர்களும், அப்பாச்சிகளிடம் காலங்காலமாக அடி வாங்கிய டொஹோனோ ஓதம் என்ற இன்னொரு பழங்குடி மக்களும். அவர்கள்தான் பெரும்பகுதி.

மேகலா:
துப்பாக்கியும் தோட்டாவும் டூசானிலிருந்துதான் போயின. அதையும் சேர்த்து எழுதுங்கள்.