கம்பிவேலி போடப் போனால் 2 அடி தகராறு: யார் அளவு சரி?

மேற்குக்காடு:
புன்செய்க் காட்டுக்குக் கம்பிவேலி போடணும். மேற்கே ரோடு, கிழக்கே பொது வரப்பு. பக்கத்துக் காட்டுக்காரர் தனியார் சர்வேயரை வச்சு அளந்துட்டு, வரப்புக்கு இந்தப் பக்கமே 2 அடி அவருதுங்கிறார். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) ரோட்டோரக் கல்லிலிருந்து வரப்பு வரை உள்ள கோடு 500 லிங்க்ஸ். அந்தக் கல்லில் டேப் பிடிச்சு 100 மீட்டரில் முளை அடிச்சிருக்காங்க. பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை விவரம், 'பொது வரப்புக்கு மேற்கு'. என்ன செய்யலாம்?

சங்கிலிக்கணக்கு:
அந்த 2 அடி கணக்கிலேயே போயிருக்குங்க. லிங்க்ஸில் எழுதின பழைய படத்துக்கு 66 அடிச் சங்கிலிதான் அளவு. அதில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 7.92 அங்குலம், அதாவது 20.12 செ.மீ. 20 மீட்டர் சங்கிலியில் ஒரு லிங்க் சரியா 20 செ.மீ. ரெண்டையும் ஒண்ணா நினைச்சுப் பெருக்கினா 100 மீட்டர் வரும். சரியான நீளம் 330 அடி, 100.58 மீட்டர். வித்தியாசம் 58 செ.மீ., 1 அடி 11 அங்குலம். படம் மீட்டரில் இருந்தா இந்தக் கணக்கு பொருந்தாது. முதலில் அதைப் பாருங்க.

முச்சந்திக்கல்:
கணக்கு சரியானாலும் ரோட்டோரக் கல்லை நம்பி அளக்கக் கூடாது. ரோடு அகலப்படுத்தும்போது முதலில் பெயர்வது அதுதான். அசையாத மூணு கல்லைக் கண்டுபிடிச்சு, அவற்றுக்கு இடையிலான நீளத்தையும் மூலைவிட்டத்தையும் படத்தோட ஒப்பிடணும். ஒத்துவந்த பிறகுதான் வரப்புக்கோடு. ஒரு புல எண்ணிலிருந்து பிரிச்ச உட்பிரிவா இருந்தா, அந்தத் தாய்ப் புல எண்ணின் வெளி எல்லையை முதலில் சரிபார்க்கணும். டேப்பைத் தரையோட படுக்கவிடாம மட்டமா இழுங்க. 10 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில், 100 மீட்டருக்கு அரை மீட்டர் தப்பும்.

மேற்குக்காடு:
அரசு சர்வேயர் கல் நட்டுட்டா முடிஞ்சுருமா சார்?

வழக்குப்பக்கம்:
தமிழ்நிலம் இணையதளத்தில் அளவைக்கு மனுப்போட்டுக் கட்டணம் கட்டுங்க. பக்கத்துப் பட்டாதாரருக்கு நோட்டீஸ் போனதான்னு உறுதி பண்ணுங்க. அவர் இல்லாம அளந்தா 'எனக்குத் தெரியாது'ன்னு பிறகு மறுப்பார். ஆனா சர்வேயர் கோட்டைக் காட்டுவார், அவ்வளவுதான். கோட்டுக்குள்ளே இருப்பவரை வெளியேத்த உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே வெறும் தடையுத்தரவு கேட்டா போதாது. உரிமையே தகராறுன்னா விளம்புகையும், அதாவது நிலம் உங்களுதுன்னு நீதிமன்றம் அறிவிக்கிறதையும், கேட்கணும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 9-ன்படி வழக்கறிஞர் ஆணையரை (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞரை) சர்வேயரோட அனுப்பச் சொல்லி மனுப்போடலாம். பட்டாவை மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க, அது உரிமைப் பத்திரம் ஆகாது. 12 வருஷ எதிரிடை அனுபவம்னு, அதாவது அத்தனை வருஷம் உங்களுக்கு எதிரா வெளிப்படையா அனுபவிச்சதால் நிலம் தனக்கேன்னு, வாதம் வரலாம், அதனால தள்ளிப்போடாதீங்க.

உங்களுக்கு பலம் அந்த செக்குபந்திதான். பத்திரத்தில் அளவும் எல்லையும் முரண்பட்டா பொதுவா எல்லையே நிற்கும். அதனால வேலிக்குழி தோண்டும் சாக்கில் அந்த வரப்பை ஒரு மண்வெட்டிகூடச் செதுக்காதீங்க. அவரையும் செதுக்க விடாதீங்க. கல்லும் வரப்பும் ஒரே படத்தில் விழுற மாதிரி தேதியோட போட்டோ எடுத்து வைங்க.