12 கலைஞர்கள், 64 பக்கம், 5 நாள் கண்காட்சி: எதிலிருந்து ஆரம்பிப்பது?

வைகைத்தென்கரை:
வணக்கம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் 12 கலைஞர்களைச் சந்திக்கிறோம். சுங்குடிக்கு முடிச்சுப் போடுபவர், விளாச்சேரி பொம்மைக்காரர், கரகாட்டக்காரர், தவில்காரர், கடைப்பலகை எழுதுபவர் என்று கலவையான பட்டியல். ஒவ்வொருவருக்கும் தொழில் திசைமாறிய ஒரு கட்டம் உண்டு. அதைப் பதிவு செய்து 500 பிரதி புத்தகமாகவும், 30 x 20 அடி கூடத்தில் 5 நாள் கண்காட்சியாகவும் கொண்டுவர வேண்டும். படங்கள் பாதி கலர். கைக்காசு அதிகமில்லை. பக்கக் கணக்கு, தாள், சுவர் எல்லாவற்றுக்கும் யோசனை தேவை.

ஃபாரம்16:
முதலில் தாளை மடித்துப் பாருங்கள், எழுதுவதெல்லாம் அப்புறம். கிரவுன் 1/4 அளவு என்றால் 20 x 30 இன்ச் தாள் ஒன்றில் இரண்டு பக்கமும் சேர்த்து 16 பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். 64 பக்கத்துக்கு 4 ஃபாரம். 66 ஆனால் அந்த 2 பக்கத்துக்குத் தனியாக பிளேட் (அச்சுத் தகடு), தனி ஓட்டம். ஆளுக்கு 4 பக்கம் வைத்தால் 48. மீதி 16-இல் முன்பகுதி, குறிப்புகள், நன்றி எல்லாம் அடங்கும்.

கலரில் காசை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. 16 பக்க ஃபாரத்தில் தாளின் வெளிப்பக்கம் விழுவது 1, 4, 5, 8, 9, 12, 13, 16. உள்பக்கம் மற்றவை. வெளிப்பக்கத்தை மட்டும் நாலு கலரில் ஓட்டி, உள்பக்கத்தை ஒற்றைக் கறுப்பில் விட்டால் ஒவ்வொருவரின் முதல் பக்கமும் நாலாம் பக்கமும் தானாகக் கலராகிவிடும். முன்பகுதி 4 அல்லது 8 பக்கமாக இருக்கவேண்டும், 6 வைத்தால் கணக்கே குலையும். ஒருவருடைய கடைசிக் கலர்ப்பக்கமும் அடுத்தவருடைய முதல் கலர்ப்பக்கமும் எதிரெதிரே வரும், அதனால் அந்த இரண்டு படத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தாள் 130 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேட், அதாவது பளபளக்காத, ஆர்ட் பேப்பர், அட்டை 300. பளபள ஆர்ட் பேப்பரில் நீண்ட உரை படிக்கக் கண் கூசும். 64 பக்கத்துக்கு முதுகு மெல்லியது, வழவழப்பான தாளில் பசை பிடிப்பும் குறைவு. முதுகில் பசை மட்டும் தடவி ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் போட்டால் நாலு தடவை விரித்ததும் தாள் கழன்று வரும். நூல் தையல் போடச் சொல்லுங்கள்.

எழுத்து 100% கறுப்பில் மட்டும் இருக்கட்டும். நாலு கலரும் கலந்த கறுப்பில் தமிழ் எழுத்தை விட்டால், பிளேட் இம்மி நகர்ந்தாலே மெய்யெழுத்தின் புள்ளி இரண்டாகத் தெரியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடாக மாற்றினால் "கௌரவம்" என்பது க, ஒற்றைக்கொம்பு, ள என்று உடைந்து "கெளரவம்" ஆகிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்பில் தப்பும். தேடிப் பார்த்தால்தான் அகப்படும்.

சிவகாசிக்குக் கொடுப்பதானால் ஆடிப்பெருக்குக்கு முன் கொடுங்கள். அதற்கு மேல் அங்கே காலண்டரும் டைரியும்தான்.

மெய்ப்புக்காரி:
அச்சு சரி. உள்ளே போவது என்ன? "உங்கள் திருப்புமுனை எது?" என்று கேட்டால் மேடையில் பேசுவதுபோல ஒரு பதில் வரும். அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள். "அதற்கு முந்தைய வாரம் கூலி எவ்வளவு? அன்றைக்குக் கையில் என்ன வேலை இருந்தது? அதற்கப்புறம் எந்த வேலைக்குப் போகவில்லை?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத குறைந்தது 4 மணி நேரம் ஆகும், 12 பேருக்கும் அதைக் கணக்கில் வையுங்கள். அச்சுக்குப் போகுமுன் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள், பிரதியை நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்குவது பேருக்குச் செய்வது. குருவைப் பற்றியோ பங்காளியைப் பற்றியோ சொன்ன வரி, காதில் விழும்போதுதான் "அது வேண்டாம்மா" என்று வரும்.

வைகைத்தென்கரை:
நன்றி. புத்தகப் பக்கங்களையே பெரிதாக்கி ஃபிளெக்ஸில் அடித்து மாட்டலாம் என்று குழுவில் ஒரு பேச்சு. சரிவருமா?

மெய்ப்புக்காரி:
வராது. நின்றுகொண்டு 800 சொல் யாரும் படிக்கமாட்டார்கள், ஃபிளெக்ஸும் விளக்குவெளிச்சத்தில் மின்னும். கூடத்தின் சுற்றளவு 100 அடி; வாசல், ஜன்னல் போக 70 அடி நிற்கும். ஆளுக்கு 5 அடி. அதில் 2 x 3 அடி சன்போர்டு (லேசான நுரைப்பலகை) ஒன்று, 5 மி.மீ. கனம், மேட் லேமினேஷன். உரை 80 சொல்லுக்குள், எழுத்து 30 பாயிண்டுக்குக் குறையாமல். போர்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 58 இன்ச்.

மீதி இடம் பொருளுக்கு. சுங்குடிக்காரரிடம் முடிந்த சேலையைக் கேட்காதீர்கள். சாயம் ஏறிக் காய்ந்து, முடிச்சு பாதி பிரித்த துணியைக் கேளுங்கள். ஒரு பாதியில் நூல் சுற்றிய குருணைகள் சுருங்கிக் கிடக்கும், மறுபாதியில் அதே இடங்கள் வெள்ளைப் புள்ளியாக விரிந்திருக்கும். அவர் சொன்ன கதைக்கு அது போதும். துணியை ஆணியில் தொங்கவிடாமல் மேல்மடிப்பில் கம்பு செருகி மாட்டுங்கள், வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். பொம்மைக்காரரிடம் அச்சையும் அதிலிருந்து எடுத்த பூசாத பொம்மையையும் வாங்குங்கள். வாங்கும்போதே நாலு பக்கமும் படமெடுத்து, ஏற்கெனவே இருக்கும் விரிசலைக் குறித்து ரசீது கொடுங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் டபுள் டேப் நிற்காது. மதுரை மத்தியான வெக்கையில் பசை இளகி, சுண்ணாம்புப் பொருக்கோடு போர்டு கீழே வரும். மேலே கம்பி இழுத்து நைலான் நூலில் இரண்டு துளை போட்டுத் தொங்கவிடுங்கள். ஒரே துளை போட்டால் ஃபேன் காற்றில் சுழலும்.

தேதி பார்க்கும்போது சித்திரைத் திருவிழாவைப் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டி பொம்மையை வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவருவது நடக்காத காரியம்.

கீழமாசி:
ஒன்று விட்டுப்போச்சு, பழைய படங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, கலைஞர் காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருடையது. பத்திரிகையில் வந்த படத்தை அவர் கத்தரித்து வைத்திருந்தாலும் அவருடையதாகாது, எழுதிக் கேட்டு வாங்கவேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, படமெடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டும் உரிமை இருக்கும். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் இலவசம், பின்னட்டையை முடிக்குமுன் விண்ணப்பித்துவிடுங்கள். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உட்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதி அனுப்பவேண்டும். ஆக, விற்பனைக் கணக்கை 500-இல் தொடங்காதீர்கள்: நூலகத்துக்கு 4, கலைஞர்களுக்கு ஆளுக்கு 5 என்று 60 போக 436.