பால்கனி கண்ணாடிக் கதவுக்கு என்ன திரை போடலாம்?

வணக்கம். கோவையில் எங்கள் வீட்டு ஹாலில் மேற்குப் பார்த்த பிரெஞ்சுக் கதவு. இரட்டைக் கதவு, முழுக் கண்ணாடி, உள்பக்கம் திறக்கும். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அம்மாவின் கட்டிலில் விழுகிறது. பாவம், தூங்கவே முடிவதில்லை.

துணித் திரை போட்டோம். திறக்கும்போதெல்லாம் கீலில் மாட்டி ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு கதவிலும் தனி ரோலர் பிளைண்ட் (மேலே உருளையில் சுருட்டி ஏற்றும் திரை) பொருத்தலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் கைப்பிடி 6 செ.மீ. முன்னால் நிற்கிறது, திரை அதில் இடிக்குமே? ஹனிகோம்ப் திரை (தேன்கூடு போல உள்ளே காற்றறைகள் உள்ள மடிப்புத் திரை) வெப்பத்தையும் தடுக்கும், மடித்தால் இடமும் அடைக்காது. நம் ஊர் தூசிக்குத் தாங்குமா? கதவு யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக், துளை போடவும் பயமாக இருக்கிறது.

போட்டவர்கள் படத்தோடு சொல்லுங்களேன். முழு இருட்டு மட்டும் வேண்டாம். வாசல் வேப்பமரம் அம்மாவுக்குத் தெரியணும்.